மாதவிடாய் ஆப் செய்யப் போகிறீர்களா? கோடிங்குக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

நானும் என் தோழியும் சேர்ந்து தமிழில் ஒரு மாதவிடாய் நாட்குறிப்பு ஆப் செய்தோம். அவள் கோடிங், நான் வடிவமைப்பும் எழுத்தும். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று இறங்கினோம். பிளே ஸ்டோரில் ஏற பதினொரு மாதம் ஆனது. கோடிங்கால் வந்த தாமதம் அதில் கொஞ்சம்தான். தப்பாகக் கேட்ட ஒரு கேள்வி, தேவையே இல்லாத ஒரு சர்வர், தப்பாகத் திறந்த டெவலப்பர் அக்கவுண்ட் ஆகிய மூன்றும்தான் மிச்ச மாதங்களைத் தின்றன. எதை முதலில் செய்திருந்தால் தப்பித்திருப்போமோ அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு மட்டும்தான். ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர் கட்ட வேண்டும், நாங்கள் மனதில் வைத்த பெண்கள் கையில் ஐபோனும் இல்லை. அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

1. டன்ஸ் எண்ணுக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள்

ஆப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இது எதற்கு என்று தோன்றும். உடல்நல ஆப்பை பிளே ஸ்டோரில் ஏற்ற நிறுவனத்தின் பெயரில் டெவலப்பர் அக்கவுண்ட் வேண்டும், அதற்கு இந்த எண் வேண்டும். விவரத்தை 6-ஆம் படியில் சொல்கிறேன். டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் தரும் ஒன்பது இலக்க நிறுவன எண் இது. இலவசம். ஆனால் கைக்கு வர 30 நாள்வரை ஆகலாம். அந்த நாட்களை மற்ற வேலையோடு சேர்த்து ஓட விட்டால் நஷ்டம் இல்லை. கடைசியில் விண்ணப்பித்தால் ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

நிறுவனம் என்று உங்களிடம் எதுவும் இல்லையென்றால் முதலில் உத்யம் என்ற, சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் கார்டும் போதும், இணையத்திலேயே முடிந்துவிடும், கட்டணம் கிடையாது. அரசுத் தளம் மாதிரியே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் ‘பதிவுக் கட்டணம்’ கேட்கும். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள்.

எந்த முகவரியில் பதிவு செய்கிறீர்கள் என்பதைக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். நிறுவன அக்கவுண்டின் முகவரியும் போன் நம்பரும் பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். மாதவிடாய் ஆப் நடத்தும் இரண்டு பெண்களின் வீட்டு முகவரி ஊருக்கே தெரிய வேண்டாம் என்று தோழியின் அப்பா கடை முகவரியைக் கொடுத்தோம். போனுக்குத் தனி சிம்.

2. தேதியை எப்படிக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

எங்கள் முதல் மாதிரியில் முதல் திரை இதுதான்: ‘கடைசி மாதவிடாய் தேதி?’ கீழே ஒரு காலண்டர். இதில் என்ன தப்பு வரப்போகிறது என்று நினைத்தோம்.

சித்தியிடம் போனைக் கொடுத்தேன். எட்டாம் தேதியைத் தொட்டார். ஆறாம் தேதி சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது “இன்னைக்கு காலையிலதான் ஆச்சு” என்று அவரே அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருந்தது.

“என்ன சித்தி, ஆறாம் தேதிதானே ஆச்சுன்னீங்க?”

“ஆமா. தலைக்கு ஊத்துனது எட்டாம் தேதிதானடி?”

அவருக்கு ‘தேதி’ என்றால் குளித்த தேதி. அவருக்கு மட்டும் இல்லை. அடுத்த இரண்டு வாரத்தில் நாங்கள் பேசிய நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பலர் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தார்கள். எப்போதும் குளித்த நாளையே குறித்தால் இரண்டு சுற்றுக்கு நடுவே உள்ள நாட்கள் சரியாகவே வரும். ஆனால் ‘அடுத்தது எப்போது’ என்று ஆப் சொல்லும் தேதி இரண்டு மூன்று நாள் தள்ளிப் போய்விடும். அவர் பையில் நாப்கின் வைத்துக்கொள்ள வேண்டிய நாளில் ஆப் வாயைத் திறக்காது. டாக்டர்கள் பிரசவத் தேதியைக் கணக்கிடுவதும் ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணித்தான்.

இப்போது எங்கள் திரையில் ‘ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாள் எது?’ என்றும், அதன் கீழே சின்னதாக ‘தலைக்குக் குளித்த நாள் அல்ல’ என்றும் இருக்கிறது. இந்த ஒரு வரியைப் போட்ட பிறகு தப்பான தேதி வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம். முதல் நாளுக்கு முன் லேசாகப் பழுப்பு நிறத்தில் பட்டால் அது முதல் நாள் இல்லை. அதைத் தனியாகக் குறிக்க இடம் கொடுங்கள். அப்புறம், தேதியை யாரும் தேதியாக ஞாபகம் வைப்பதில்லை. “அமாவாசைக்கு மறுநாள்”, “போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி” என்றுதான் சொல்கிறார்கள். காலண்டரில் அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெள்ளை வட்டம் போட்டோம். ஒரு சாயங்கால வேலைதான், ஆனால் எங்கள் ஆப்பில் எல்லோரும் பாராட்டுவது அதைத்தான். ‘ஞாபகம் இல்லை’ என்று ஒரு பட்டனும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் வாய்க்கு வந்த தேதியைப் போட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவார்கள்.

3. சொற்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்

ஆங்கில ஆப்பின் பட்டியலை எடுத்துத் தமிழாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். மனநிலைப் பட்டியலில் ‘எரிச்சல்’ என்று வைத்திருந்தோம். கோபம், சலிப்பு, எரிச்சல். ஹாஸ்டலில் இருக்கும் ஒரு பெண் மாதம் முழுக்க அதையே தொட்டிருந்தாள். என்னம்மா அவ்வளவு கோபமா என்று கேட்டால், அவளுக்கு இருந்தது சிறுநீர் போகும்போது எரிச்சல். டாக்டரிடம் போக வேண்டிய விஷயத்தை எங்கள் ஆப் மூட் என்று எழுதி வைத்திருந்தது. இப்போது மனநிலையில் ‘சிடுசிடுப்பு’ இருக்கிறது, உடல் பக்கத்தில் ‘சிறுநீர் எரிச்சல்’ இருக்கிறது.

‘தீட்டு’, ‘வீட்டுக்குத் தூரம்’ இரண்டையும் நாங்கள் தொடவில்லை. பட்டன்களில் ‘பீரியட்ஸ்’, கட்டுரைகளில் ‘மாதவிடாய்’. தூய தமிழ் வேண்டும் என்று ஒருவர் சண்டை போட்டார். போட்டுக்கொள்ளட்டும், அவர் வீட்டிலும் பீரியட்ஸ் என்றுதான் சொல்வார்கள்.

ரத்தப்போக்குக்கு ‘லேசு, நடுத்தரம், அதிகம்’ என்று வைத்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு. ‘இன்று எத்தனை முறை நாப்கின் அல்லது துணி மாற்றினீர்கள்?’ என்று எண்ணாகக் கேளுங்கள். ‘கட்டியாகப் போனதா?’ என்று ஒரு டிக். டாக்டர் கேட்கும் கேள்வியும் இதுதான்.

தமிழ்ச் சொல் நீளம். ‘சேமி’ போன்றவற்றில் தப்பித்தாலும் ‘வெள்ளைப்படுதல்’ சின்ன பட்டனில் அடங்காது. போனில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்து எல்லாத் திரையையும் ஒருமுறை பாருங்கள். எங்களுடையதில் பாதி பட்டன்களில் வால் வெட்டுப்பட்டிருந்தது. தொடும் இடம் ஒவ்வொன்றும் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) இருக்கட்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், ஆப்போடு சேர்த்துக் கொடுக்கவும் அனுமதி உண்டு.

4. 28 என்ற எண்ணைக் கோடிலிருந்து எடுத்துவிடுங்கள்

பயிற்சிக் காணொளிகளில் பார்க்கும் மாதிரி ஆப்களில் ‘அடுத்த தேதி = கடைசி தேதி + 28’ என்று இருக்கும். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்பு. வயதுக்கு வந்த புதிதில் 45 நாள்கூட ஆகும். 2019-இல் 6 லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுகளை வைத்து வெளியான ஒரு ஆய்வில் சராசரியே 29.3 நாள் என்று வந்தது.

எங்கள் வழி இது: கடைசி ஆறு சுற்றுகளை எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதைப் பிடிக்கிறோம். சராசரி எடுத்தால் ஒரு மாதம் குறிக்க மறந்தாலே 60 நாள் சுற்று ஒன்று நுழைந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒற்றைத் தேதி சொல்லாமல் ‘14 முதல் 18-க்குள்’ என்று காட்டுகிறோம். மூன்று சுற்று சேரும்வரை எதையும் கணிப்பதில்லை. முன்னுக்குப் பின் ரொம்ப மாறினால் ‘உங்கள் சுற்று ஒரே சீராக இல்லை, கணிக்க முடியவில்லை’ என்று நேராகச் சொல்லிவிடுகிறோம். நீர்க்கட்டி இருக்கும் பெண்கள் அதற்காகவே நன்றி சொல்லி எழுதினார்கள். மற்ற ஆப்கள் மாதா மாதம் ‘தாமதம்’ என்று சிவப்பில் காட்டிப் பயமுறுத்தினவாம்.

‘பாதுகாப்பான நாட்கள்’ காட்டச் சொல்லிக் கேட்பார்கள். காட்டாதீர்கள். அதை நம்பி ஒருத்தி கருத்தரித்தால் அந்தப் பொறுப்பு யாருடையது? சட்டப்படியும் அது வேறு பாதை. கருத்தடைக்கு என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதன்முதலில் ஒரு ஆப்பை அனுமதித்தது 2018-இல். நேச்சுரல் சைக்கிள்ஸ் என்ற அந்த ஆப் உடல் வெப்பத்தை அளந்து கணக்கிடுவது. இந்தியாவில் 2020-லிருந்து மருத்துவப் பயனுக்கான மென்பொருளும் மருத்துவக் கருவி விதிகளுக்குள் வருகிறது. இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்து செய்யும் ஆப்புக்கு அது தாங்காது.

ஆனால் டாக்டரைப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து நனைவது, எட்டு நாளைத் தாண்டிய போக்கு, மூன்று மாதம் வராமலே இருப்பது, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் படுவது. இந்த நான்கையும் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டி வாசகத்தைத் திருத்தி வாங்கினோம். தமிழ்நாட்டுப் பயனர்களுக்கு 104 எண்ணையும் கீழே போட்டிருக்கிறோம்.

5. தகவல் போனைவிட்டு வெளியே போக வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நாங்கள் முதலில் மொபைல் நம்பர், ஓ.டி.பி., சர்வர் என்று தொடங்கினோம். எல்லா ஆப்பும் அப்படித்தானே என்ற நினைப்பு. ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். அனுப்ப, தொலைபேசி நிறுவனங்களிடம் செய்யும் டி.எல்.டி. பதிவு வேண்டும், வரியோடு 5,900 ரூபாய் கட்டினோம். ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் தனிக் காசு, சர்வருக்கு மாத வாடகை. இவ்வளவும் செய்து முடித்துத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களிடம் காட்டினால், நம்பர் கேட்கும் திரையிலேயே பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். “நம்பரைப் போட்டா வீட்டுக்காரருக்கு மெசேஜ் போகுமாக்கா?” போனும் சிம்மும் அவர் பெயரில் இருக்கின்றன. நியாயமான கேள்வி.

அவர்கள் பயம் வெறும் பயமும் இல்லை. ஃப்ளோ என்ற புகழ்பெற்ற ஆப், பயனர்களின் மாதவிடாய், கர்ப்பத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுப் பிரிவுகளோடு பகிர்ந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2021-இல் சமரச உத்தரவு போட்டது. ஆப்புக்குள் வைத்த இலவச எஸ்.டி.கே.கள் (மற்ற நிறுவனங்கள் தரும் தயார்க் கோடிங் தொகுப்புகள்) வழியாகத்தான் அது நடந்தது.

சர்வரை அடியோடு எடுத்தோம். எல்லாம் போனுக்குள்ளேயே, எஸ்கியூலைட் என்ற சின்ன தரவுத்தளத்தில், பூட்டிய வடிவில். பெர்லினில் ஒரு குழு செய்த ட்ரிப் என்ற திறந்த மூல ஆப் இதே முறையில் இயங்குகிறது. அதன் கோடிங்கை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இப்படி மாறியபின் மாதச் செலவு பூஜ்யம். படிவங்களும் பாதியாகக் குறைந்தன.

இதில் ஒளிந்திருக்கும் பொறிகள்:

ஆண்ட்ராய்டில் ஆப்பின் தகவலை நகலெடுத்து வைக்கும் ‘அலவ் பேக்கப்’ நீங்கள் அணைக்காவிட்டால் தானாகவே இயங்கும். அதாவது ‘தகவல் போனைவிட்டுப் போகாது’ என்று நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள், அது சத்தமில்லாமல் கூகுள் டிரைவுக்குப் போய்க்கொண்டிருக்கும். எங்களுக்கு இது தெரிந்தது எப்படி? தோழி போன் மாற்றினாள். புது போனில் ஆப்பைப் போட்டதும் பழைய தேதிகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவளுக்கு முதலில் சந்தோஷம், அப்புறம் திக்கென்றது.

பயனர்கள் ஆப்பில் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுளின் ஃபயர்பேஸ் அனலிடிக்ஸ் சேர்த்தால், விளம்பரத்துக்காகப் போனை அடையாளம் காணும் அனுமதியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். வேண்டாம். எத்தனை பேர் எந்தத் திரையில் நின்றார்கள் என்று தெரியாமல் போகும்தான். பத்துப் பேரை நேரில் உட்கார வைத்துப் பார்த்தால் அதைவிட நன்றாகவே தெரியும்.

போன் ஒன்று, பயன்படுத்துபவர் நாலு பேர் என்பதை மறக்காதீர்கள். நாலு இலக்க பின் பூட்டு வையுங்கள். சர்வர் இல்லாததால் பின் மறந்தால் மீட்க வழி இல்லை என்பதை பின் வைக்கும் திரையிலேயே சொல்லிவிடுங்கள். அறிவிப்பில் ‘நாளை பீரியட்ஸ் வரலாம்’ என்று போட்டால் பூட்டிய திரையில் தம்பி படிப்பான். எங்களுடையது ‘ஒரு நினைவூட்டல் இருக்கிறது’ என்பதோடு நிற்கும். சின்னத்திலும் பெயரிலும் சிவப்புத் துளி வேண்டாம்.

ஸ்கிரீன்ஷாட்டையும் தடுத்தோம். உடனே ஒரு அக்கா, டாக்டரிடம் காட்ட முடியவில்லை என்று இன்னொரு போனால் திரையைப் படம்பிடித்து எங்களுக்கே மெயில் அனுப்பிவிட்டார். சரிதான் என்று ‘டாக்டரிடம் காட்ட’ என்று ஒரு பக்கம் சேர்த்தோம்: கடைசி ஆறு சுற்று, எத்தனை நாள், வலி எவ்வளவு, எல்லாம் ஒரே பார்வையில். போன் மாற்றுபவர்களுக்குக் கடவுச்சொல் போட்ட ஏற்றுமதிக் கோப்பு. அந்த அக்காவின் மெயிலைப் பதில் எழுதியதும் அழித்துவிட்டோம். உங்கள் இன்பாக்ஸில் கிடந்தாலும் அது நீங்கள் சேகரித்த தகவல்தான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. நான் வக்கீல் இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தகவலைச் சேகரிக்கப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்து வாங்க வேண்டும். அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகும். பதினான்கு வயதுப் பெண் அப்பாவிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு மாதவிடாய் ஆப் போடுவாளா? தகவல் எங்களிடம் வராத வரைக்கும் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. சர்வர் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் வக்கீல் செலவையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புதல் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கத் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

6. டெவலப்பர் அக்கவுண்ட்: தனிநபரா, நிறுவனமா

எங்கள் மூன்று மாதம் போனது இங்கே. தப்பு முழுக்க எங்களுடையது. விதியைப் படிக்காமல் 25 டாலர் கட்டித் தனிநபர் அக்கவுண்ட் திறந்தோம். தனிநபர் என்றால் குறைந்தது 12 பேர் இடைவிடாமல் 14 நாள் உங்கள் ஆப்பைச் சோதனையில் வைத்திருக்க வேண்டும். அத்தை, சித்தி, காலேஜ் சிநேகிதிகள் என்று கெஞ்சிச் சேர்த்தோம். பத்தாம் நாள் இரண்டு பேர் போனில் இடம் இல்லை என்று வெளியேறிவிட, மறுபடி முதலிலிருந்து. எல்லாம் முடிந்த பிறகுதான் கூகுளின் பட்டியலைப் பார்த்தோம்: நிறுவன அக்கவுண்ட் தேவைப்படும் வகைகளில் நிதி ஆப்களோடு உடல்நல ஆப்களும் இருக்கின்றன. மறுபடி 25 டாலர். டன்ஸ் எண்ணுக்கு அப்போதுதான் விண்ணப்பித்தோம்.

நிறுவன அக்கவுண்டுக்கு டன்ஸ் எண், அதில் உள்ள அதே பெயரும் முகவரியும் கொண்ட பதிவுச் சான்று, உங்கள் அடையாள அட்டை, சொந்த இணையதளம், மெயில், போன் ஆகியவை வேண்டும். பெயரில் ஒரு முற்றுப்புள்ளி மாறினாலும் திரும்பி வரும். தோழியின் இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் இருந்ததால் ஒரு வாரம் போனது. இணையதளத்துக்கு டொமைன் வருடம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். 25 டாலர் கட்டும் முன் வங்கி ஆப்பில் கார்டின் ‘வெளிநாட்டுப் பரிவர்த்தனை’யை இயக்கிவிடுங்கள், பல கார்டுகளில் அது அணைந்தே வரும். கட்டி முடித்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள்.

7. பிளே கன்சோல் படிவங்கள்

பிளே ஸ்டோரில் ஆப்பை ஏற்றும் தளம்தான் பிளே கன்சோல். அதில் உள்ள படிவங்களுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். தனியுரிமைக் கொள்கைக்கு ஒரு இணைய முகவரி கட்டாயம், எதையுமே சேகரிக்காவிட்டாலும் கூட. தரவுப் பாதுகாப்புப் படிவம், உடல்நல ஆப் அறிவிப்புப் படிவம், ஆப் எந்த வயதினருக்கு ஏற்றது என்ற கேள்விகள். படிவத்தில் சொல்வதும், கொள்கையில் எழுதியிருப்பதும், ஆப் உண்மையில் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். இலக்கு வயதில் 18-க்கு மேல் மட்டும் என்று நாங்கள் குறித்தோம். ‘இது மருத்துவக் கருவி அல்ல, நோயைக் கண்டறியாது’ என்ற வாசகம் விவரணையின் முதல் பத்தியிலேயே வரட்டும்.

படங்கள்: சின்னம் 512-க்கு 512, முகப்புப் படம் 1024-க்கு 500, குறைந்தது இரண்டு திரைப் படங்கள். தலைப்புக்கு 30 எழுத்துதான் அனுமதி, தமிழில் அதுவும் சுருங்கும். ‘மாதவிடாய்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கால், மேல்விலங்கு, புள்ளி எல்லாம் சேர்ந்து கணினிக்கு ஒன்பது. நாங்கள் யோசித்து யோசித்து வைத்த அழகான தலைப்பு இதனால் குப்பைக்குப் போனது.

பரிசீலனைக்கு ஒரு வாரம் வையுங்கள், கூடவும் ஆகலாம். திருமணத்துக்கு முன், பொங்கலுக்கு முன் என்று யாருக்கும் தேதி சொல்லிவிடாதீர்கள்.

8. ஏறிய பிறகு

வருகிற கோரிக்கைகளில் பாதி ‘கோயிலுக்குப் போகிற தேதியில் வருமா’ என்பதுதான். தேதியைக் குறித்தால் ‘வர வாய்ப்புண்டு’ அல்லது ‘வாய்ப்பில்லை’ என்று மட்டும் சொல்கிறோம். தள்ளிப்போடும் மாத்திரை பற்றி ஒரு வார்த்தை கிடையாது, அதற்கு விளம்பரம் கொடுக்கிறோம் என்று ஒருவர் வந்தும் கூட.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசிக்குள் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஆப்பை ஏற்ற வேண்டும். 2025-இல் அது ஆண்ட்ராய்டு 15. ஏற்றாவிட்டால் அதற்குப் பிறகு அப்டேட் போட முடியாது. ஜூலை முதல் தேதிக்கு இப்போதே போனில் ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.